வேலாங்காட்டு நரிமுகம்

சேலம் மாநகரம் அன்று கண் விழித்தபோது, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு புலி படுத்திருந்தது. யாரும் அலறவில்லை. பலர் கொட்டாவி விட்டார்கள். அம்மாப்பேட்டை அடுக்ககத்தின் ஐந்தாவது மாடியில் குடியிருந்த கோகிலவாணி, "நேத்தும் புலி, இன்னிக்கும் புலியா? வேற எதுவுமே கெடைக்கலியா இவனுங்களுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே, சட்டம் சொல்லும் நேரம் தீரும்வரை அதை வெறித்துப் பார்த்தபடி கிடந்தாள். நேரம் தீர்ந்ததும் புலி கரைந்து சுவரும் காலண்டரும் தெரிந்தன. எழுந்து பல் துலக்கப் போனாள்.

இதற்குப் பெயர் கண்வரி. காடுகளில் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்த பிறகு, நாட்டின் பெரிய மூளைகள் கூடி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தன. மனிதன் தன் கண்ணில் படாததைக் காப்பாற்ற மாட்டான். ஆகவே அவன் கண்ணில் பட வைக்க வேண்டும். அதற்குள் எல்லார் கண்ணிலும் விழிப்படலம் ஏறிவிட்டிருந்தது. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடும் கையோடு, வெங்காயத் தோலைவிட மெல்லிய அந்தப் படலத்தையும் கருவிழிமேல் ஒட்டிவிடுவார்கள். செய்தி, சினிமா, வழிகாட்டி, மாமியாரின் அழைப்பு எல்லாமே அதில்தான் தெரியும். அதே படலத்தில் காலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காட்டுயிரின் படத்தைக் காட்டினால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. சட்டமாகிவிட்டது. படத்தைப் பார்த்து முடிக்காதவர்களுக்கு அன்றைய உலகம் திறக்காது.

படலம் காட்டுவதோடு நிற்காது, அளக்கவும் செய்யும். கண்பாவை எங்கே தங்கியது, எவ்வளவு நேரம் தங்கியது, நெஞ்சு ஒரு துடிப்பு அதிகமாகத் துடித்ததா என்பதெல்லாம் கண்வரி வாரியத்துக்குப் போய்விடும். அதுதான் பார்வைக்கணக்கு. கணக்கு கூடிய உயிருக்கு நிலம் கிடைக்கும். கணக்கு விழுந்த உயிரின் நிலம் சூரியப் பண்ணைக்கோ வேறு எதற்கோ திரும்பிவிடும். எந்திரம் கற்பனை செய்து தரும் சமைத்த படங்கள் இதில் செல்லாது. ஒரு மனிதர் போய், காத்துக் கிடந்து, உள்ளபடி எடுத்த மெய்ப்படம்தான் செல்லும். அந்த ஒரு விதியால்தான் காட்டுயிர்ப் படக்கலைஞர்கள் என்ற இனமும் அழியாமல் பிழைத்திருந்தது.

அந்த இனத்தில் ஒருத்தி செவ்வந்தி. கோகிலவாணியின் அடுத்த வீட்டுக்காரி. நாற்பதைத் தாண்டியவள், தனியாள், வெயிலில் வெந்த முகம், பேசும்போதுகூடத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பவள். புலி படுத்திருந்த அந்தக் காலையில் அவளும் புலியைத்தான் பார்த்தாள். ஆனால் அவள் நினைப்பெல்லாம் நரியைப் பற்றியது. இரண்டு மாதமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

நகரத்தின் கிழக்கு விளிம்பைத் தாண்டினால் வேலாங்காடு வரும். காடு என்று சொன்னால் சிரிப்பார்கள். வெள்வேல மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவே சூரைமுள், ஆவாரை, கரையான் புற்று, முழங்கால் உயரப் புல். வருவாய்த்துறையின் பழைய பேச்சில் அதற்குத் 'தரிசு' என்று பெயர். ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்று பொருள். அந்த ஒன்றுக்கும் ஆகாத நிலத்தில்தான், தென்னாட்டில் மிஞ்சியிருந்த கடைசி வங்கநரி இணை வளை தோண்டிக் குடியிருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் பூத்த உடம்பு, கூர்மூக்கு, நுனி கறுத்த வால். அந்தியில் இரை தேடப் போய் விடியும் வேளையில் வளைக்குத் திரும்பும். வருகிற தை மாதம் வாரியம் நிலங்களை மறுபடி பங்கிடப்போகிறது. நரியின் பார்வைக்கணக்கு ஏறாவிட்டால் வேலாங்காடு போயிற்று. வேலாங்காடு போனால் நரியும் போயிற்று. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

செவ்வந்தி ஏற்கெனவே ஒரு படம் கொடுத்திருந்தாள். அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்த படம் என்று அவளே நினைத்த படம். விடியல் வெளிச்சம் புல்மேல் பரவியிருக்கும். முன்னால் கரையான் புற்று, அதன் நிழலில் ஒரு வெள்ளெலி, தள்ளி வெள்வேலம், அதற்கும் அப்பால் புல்லுக்குள் ஒரு நரி, நகத்தளவு. எல்லாம் துல்லியமாக, ஒவ்வொரு முள்ளும் எண்ணிவிடும்படி இருக்கும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நிலத்தின் மொத்தக் குடும்பமும் அதில் இருந்தது. பார்க்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை.

கண்வரி வாரியத்தின் படப்பிரிவு அதிகாரி வைத்திலிங்கம் அன்று காலை அவளை அழைத்தார். விழிப்படல அழைப்பில் எதிராளி எங்கே உட்கார்ந்திருப்பதாகத் தெரிவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வைத்திலிங்கம் அவளுடைய மாவரைக்கும் எந்திரத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், ஓய்வு பெறச் சில ஆண்டே இருக்கிறவர், யாரையும் நோகச் செய்ய விரும்பாதவர்.

"செவ்வந்திம்மா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. படத்துல நரியத் தேட வேண்டியிருக்கு. காலங்காத்தால யாருங்க தேடுவாங்க?"

"அந்த எடமும் சேர்ந்ததுதான் சார் நரி."

"எனக்குப் புரியுது. ஆனா கணக்குக்குப் புரியலியே. பாவை எங்கயும் தங்கல. ஆவாரம்பூவுல கொஞ்சம் நின்னு அப்படியே மூடிடுச்சு. முக்காவாசிப் பேரு தூக்கத்துக்குப் போயிட்டாங்க."

"இப்ப என்ன சார் செய்யறது?"

"முகம் போடுங்கம்மா. புலிக்காரன் என்ன பண்றான்? கண்ணும் மீசையும்தான். மனுஷன் முகத்தப் பாத்தாத்தான் நிப்பான். தைக்குள்ள இன்னொரு படம் கொடுங்க. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் மறைந்தபிறகும் செவ்வந்தி மாவரைக்கும் எந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளிடம் ஓணான் என்று பெயர் வைத்த ஒரு கேமரா இருந்தது. ஓணான் போலவே முள்ளின்மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும், நிறம் மாறும், சத்தம் போடாது. வேலாங்காட்டில் வளைக்கு எதிரே ஒரு சூரைப்புதரில் அதை ஏற்றிவிட்டு, தான் நெடுந்தூரம் தள்ளிப் புற்றுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். நாள்தோறும் விடியலில் இதே பிழைப்பு. சில நாள் பனி. சில நாள் நரி வேறு வழியாகப் போய்விடும். சில நாள் வரவே வராது. அன்றெல்லாம் செத்துவிட்டதோ என்று அவளுக்குப் பகீரென்று இருக்கும். வளைக்கு அருகே போய்ப் பார்க்கவும் முடியாது. போனால் மனித வாடை பட்டு நரி வளையை மாற்றிவிடும். அன்பு வைத்த இடத்துக்குக் கிட்டப் போகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

மார்கழியில் ஒரு காலை பெட்டை நரி வந்தது. இடது காதில் ஒரு கிழிசல் இருக்கும்; அதுதான் அடையாளம். வளை வாயில் நின்று, உள்ளே நுழையாமல், நேரே ஓணானைப் பார்த்தது. கண்கள் தேன் நிறத்தில் மின்னின. மீசை மயிரில் பனித்துளி. ஓணான் காண்பதைத் தன் படலத்தில் பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தி, மூச்சை அடக்கிக்கொண்டு அதன் கேமரா வில்லையின் வாயை முழுக்கத் திறந்தாள். அப்படித் திறந்தால் முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். முள்ளும் புல்லும் புற்றும் உருகிப் பொன்னிறப் புகையாயின. அந்தப் புகைக்கு நடுவில், நெற்றி மயிர் ஒவ்வொன்றும் தெரிய, நரியின் முகம். கல்யாணப் படக்காரர்கள் மணப்பெண்ணுக்குச் செய்கிற அதே வேலைதான். ஆனால் அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் பார்த்துமா ஒருவர் மனம் இளகாது என்று நம்பினாள்.

படம் ஊரார் கண்ணுக்கு வந்தது. கீழே அவளே எழுதிக்கொடுத்த ஒரு வரி: 'வங்கநரி, அருகி வரும் உயிரினம்.'

அன்று காலை மாடிப்படியில் கோகிலவாணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, இன்னிக்கு வந்தது உன் நரிதானே? நான் மொதல்ல நாயின்னு நெனச்சேன்."

"ஆமாக்கா, என்னோடதுதான். நல்லாருந்துச்சா?"

"அழகாத்தான் இருந்துச்சு. ஆனா கீழ என்னமோ போட்டிருந்தியே, அருகில வரும்னு. கிட்ட வந்தா கடிக்குமா கண்ணு? அதப் படிச்சதும் பயந்து கண்ண மூடிக்கிட்டேன்."

செவ்வந்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அருகி வரும் என்றால் அழிந்து வரும் என்று விளக்கினாள். கோகிலவாணி 'அட பாவமே' என்று மனசாரச் சொன்னாள். ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு மாடிப்படியில் நிறுத்தி விளக்க முடியும்? மாலையில் கணக்கு வந்தது. பழைய படத்துக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். பங்கீட்டுக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் கோகிலவாணி லட்டுத் தட்டோடு வந்து கதவைத் தட்டினாள். முகமெல்லாம் பல்.

"எடுத்துக்கோ கண்ணு. நம்ம தமயந்திக்கு வரன் தகைஞ்சிருச்சு!"

தமயந்தி அவளுடைய ஒரே மகள். செவ்வாய் தோஷம் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷமாக வந்த வரனெல்லாம் திரும்பிப் போயிருந்தது. இப்போது அமைந்த மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் குடிநீர் வாரிய வேலை. அந்த ஊரிலேயே குடியிருப்பவர்கள் அந்த தோஷத்தைப் பார்ப்பதில்லையாம். பார்த்தால் யாருக்குமே கல்யாணம் நடக்காது.

"எல்லாம் உன் நரியாலதான்," என்றாள் கோகிலவாணி. "நரி முகத்துல முழிச்சா யோகம்னு எங்கூருப் பக்கம் சொல்லுவாங்க. அன்னிக்குக் காலையில நரி, சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுல இருந்து சேதி. தற்செயல்னா சொல்ற?"

செவ்வந்தி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். லட்டு கையிலேயே இருந்தது.

அன்று பகல் முழுக்க அவள் தன்னோடு சண்டை போட்டாள். படிப்பும் பட்டறிவும் ஒரு பக்கம், தை மாதம் மறுபக்கம். இதுவரை படத்தில் ஒரு பொய் சேர்த்தவள் இல்லை. கிடந்த சருகைக்கூட நகர்த்தி வைத்து எடுத்தவள் இல்லை. ஆனால் ஒரு வரிதானே? படம் மெய்ப்படம்தானே? யோகம் வரும் என்றுதான் எழுதப்போகிறாள், யாருக்கு என்று எழுதவில்லையே. நரிக்கு வந்தால் போதாதா? இப்படியெல்லாம் நியாயம் சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொண்டு, சாயங்காலம் வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டு வரியை மாற்றச் சொன்னாள். 'நரி முகத்தில் விழியுங்கள். யோகம் தேடி வரும்.'

"இது நல்லாருக்கே," என்றார் அவர், இந்தத் தடவை ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கிக்கொண்டு. "படத்துக்குத்தான் சட்டத்துல கெடுபிடி. வரிக்கு ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே அறியும். மறுநாள் யாருக்கோ தொலைந்த வண்டி கிடைத்தது, யாருக்கோ வழக்கு தீர்ந்தது, யாருக்கோ நின்றுபோன தலைவலி நின்றது நின்றபடியே இருந்தது. கோடிக்கணக்கான பேர் விழித்தால் சில லட்சம் பேருக்கு நல்லது நடக்கத்தானே செய்யும்? நடக்காதவர்கள், பாதித் தூக்கத்தில் பார்த்துவிட்டோம், நாளைக்கு நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தங்களையே நொந்துகொண்டார்கள். தினமும் நரியே வேண்டும் என்று மக்கள் மனுப் போட்டார்கள். புலியை யாரும் கேட்கவில்லை. தேர்வு மையங்களும் மருத்துவமனைகளும் கண்வரி நேரத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டன. ஓர் அமைச்சர் நரியைப் பார்த்த கண்ணோடு பதவியேற்க வேண்டும் என்று விழாவை விடியலுக்கு மாற்றிக்கொண்டார். வங்கநரியின் பார்வைக்கணக்கு, கண்வரி வந்த நாளிலிருந்து எந்த உயிரும் தொடாத உயரத்தைத் தொட்டது.

செவ்வந்தியின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த நிம்மதியும் ஒரு வாரம்தான்.

படத்தைப் பார்த்தாலே இவ்வளவு யோகம் என்றால் நேரில் பார்த்தால் எவ்வளவு என்று ஊர் யோசித்தது. ஒரு நாள் விடியலில் அவள் வேலாங்காட்டுக்குப் போனபோது, வெள்வேல மரங்களுக்கடியில் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். தலையணை, போர்வை, சுடுநீர்க் குடுவை சகிதமாக வந்து, வளையைப் பார்த்துப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். நரி வந்ததும் எழுப்புவதற்கென்று ஆளுக்கு ஒரு சொந்தக்காரர் விழித்திருந்தார். விழித்திருந்தவர்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நரி வருமா? வளை வாயில் பழைய காலடித்தடம்கூட இல்லை. வளையைச் சுற்றி யாரோ மஞ்சளும் குங்குமமும் தூவியிருந்தார்கள்.

"எல்லாரும் போங்க! இப்படிக் கூட்டம் போட்டா அது பயந்தே செத்துரும்!" என்று கத்தினாள்.

"ஏம்மா, நீ மட்டும் தினம் பாத்து யோகத்த வாரிக்கலாம், நாங்க பாக்கக் கூடாதா?" என்றார் ஒரு பாய்க்காரர், கண்ணைத் திறக்காமலே.

அன்றைக்கே அவள் வாரியத்துக்கு நேரில் ஓடினாள். படலத்தில் பேசினால் தன் குரலின் நடுக்கம் அவருக்குப் போய்ச் சேராது என்று நினைத்தாள். வைத்திலிங்கம் எழுந்து வந்து வரவேற்றார். அவருக்கும் அவளால் நல்ல பெயர் கிடைத்திருந்தது.

"கவலையே வேண்டாம்மா. பங்கீடு முடிஞ்சுது. நரிக்குத்தான் முதலிடம். இனி ஒரு பய அது கிட்ட வர முடியாது. முழுப் பாதுகாப்பு. ஆணை ஆயிடுச்சு."

"நெஜமாவா சார்? காவல் போடுவீங்களா?"

"காவல் என்னம்மா காவல், குண்டு போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. அன்றிரவு பல நாள் கழித்து அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

மறுவாரம் வேலாங்காட்டின் பக்கமிருந்து மண்புழுதி எழுவதை மாடியிலிருந்து பார்த்தாள். போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. ஆளில்லா எந்திரங்கள் வெள்வேலத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தன. புற்றுகள் தரைமட்டமாகியிருந்தன. வளை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். பெட்டை நரியை முந்தின நாளே பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு எந்திரம் அவளுக்குப் பணிவாகத் தெரிவித்தது. ஆண் நரி சத்தத்தில் எங்கோ ஓடிவிட்டதாம். தேடவில்லையா என்று கேட்டாள். ஆணையில் ஒரு முகம்தான் இருக்கிறது என்றது எந்திரம்.

வாரியத்துக்குள் அவள் நுழைந்தபோது வைத்திலிங்கம் அவள் முகத்தைப் பார்த்து எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"பாதுகாப்புன்னு சொன்னீங்களே சார்!"

"பாதுகாத்துட்டோமேம்மா. சேதாரம் இல்லாம, சிறு கீறல்கூட இல்லாம."

"அதோட எடத்த அழிச்சுட்டீங்களே!"

அவர் சுவரைக் காட்டினார். சுவரில் அவளுடைய படம் விரிந்தது. அதன்மேல் பார்வைக்கணக்கைச் சிவப்பாகப் பரப்பினார். கோடானுகோடிப் பாவைகள் தங்கிய இடமெல்லாம் சிவக்கும். நரியின் கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன. நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் சிவப்பு. முகத்தைத் தாண்டி ஒரு புள்ளிகூட இல்லை.

"சட்டம் என்ன சொல்லுது? மக்கள் பாத்தத காக்கணும், பாக்காதத திருப்பிக் கொடுக்கணும். முகத்தப் பாத்திருக்காங்க. காத்தாச்சு. இந்தப் பின்னாடி இருக்கறதுல ஒருத்தர் கண்ணுகூட நிக்கல. இது என்னதும்மா, இந்த மஞ்சளா, புகை மாதிரி?"

"வேலாங்காடு," என்றாள் செவ்வந்தி.

"அப்படியா?" அவர் உண்மையாகவே கிட்டப் போய்ப் பார்த்தார். "தெரியவே இல்லையேம்மா. நீங்கதானே மங்கலாக்கியிருக்கீங்க? அழகாத்தான் இருக்கு. நான்கூட ஏதோ திரைச்சீலைன்னு நெனச்சேன்."

முள்ளில்லாமல், எலியில்லாமல், புற்றில்லாமல் அந்த முகம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டாள். சட்டத்தைத் தான் எழுதவில்லை என்று வைத்திலிங்கம் சொன்னார். சொன்னபோது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான விருது அவளுக்குத்தான் என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

நரிக்கு ஜங்ஷன் பக்கத்தில் முகமண்டபம் கட்டினார்கள். கோயில்களில் கருவறைக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தின் பெயர் அது. இங்கே முகமே மூலவர் என்பதால் பொருத்தமாக அமைந்தது. உடையாத கண்ணாடி அறை, நரிக்கு ஏற்ற குளிர், சத்து நிறைந்த உருண்டைத் தீனி. எதிரே படிப்படியாக ஆயிரம் கட்டில்கள். விடியுமுன் வந்து, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும், திரை விலகும், விளக்குகள் எரியும், எல்லாரும் ஒன்றாகக் கண் திறப்பார்கள். விடியலில் வளைக்குள் போய்ச் சுருண்டு தூங்கும் பிராணி அது. வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால் வந்தவர்களுக்கு ஏமாற்றம் ஆகாதா? அதனால் மணி அடிக்கும் நேரத்தில் அதன் அடிவயிற்றுக்குக் கீழே தரை இலேசாக அதிரும்படி செய்திருந்தார்கள். திடுக்கிட்டுத் தலையைத் தூக்கும். சரியாக அந்த நொடியில் திரை விலகும்.

செவ்வந்தி அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். கோகிலவாணிதான் விடவில்லை. கல்யாணமாகிச் செவ்வாய்க்குப் போன தமயந்தி இப்போது முழுகாமல் இருக்கிறாளாம். நரிக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். "படம் எடுத்தவளே நீ வரலேன்னா எப்படி கண்ணு?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். மரியாதை செய்வதாக நினைத்து முதல் வரிசையில், கண்ணாடிக்கு நேர் எதிரே, நடுக்கட்டிலைக் கொடுத்தார்கள்.

மணி அடித்தது. செவ்வந்தி கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில், நரியும் அப்போதுதான் கண்ணைத் திறந்தது. இடது காதில் அதே கிழிசல். தேன் நிறக் கண்கள் அவளைத்தான் முதலில் பார்த்தன. வேலாங்காட்டில் அத்தனை நாள் காத்துக் கிடந்தும் அது ஒரு முறைகூட அவளைப் பார்த்ததில்லை. அவள் பார்க்க விட்டதில்லை. இப்போது அது அவள் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல், காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, மெல்ல மெல்லப் பின்வாங்கி அடுத்த சுவரில் முதுகு இடிக்கும்வரை போயிற்று. அவளுக்குப் பின்னால் ஆயிரம் பேர் பரவசத்தில் மூச்சு விட்டார்கள். அவள் விழிப்படலத்தில் ஒரு வரி ஓடியது: 'கண்வரி செலுத்தப்பட்டது. நன்றி.'

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. ஒரு முடிவோடு பெட்டியைத் திறந்து ஓணானைத் துடைத்தாள். இன்னும் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். மண்டபத்தின் உச்சியில் ஓணானை ஏற்றி, வில்லையின் வாயைக் குறுக்கி, எதையும் மங்கலாக்காமல், கட்டில்கள், தலையணைகள், ஆயிரம் முகங்கள், நடுவே நகத்தளவு நரி, எல்லாம் துல்லியமாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். கீழே ஒரு வரியும் எழுதக் கூடாது. அதைப் பார்த்தாலாவது யாருக்காவது நெஞ்சு ஒரு துடிப்பு அதிகமாகத் துடிக்காதா? எங்கேயாவது ஒரு துண்டுத் தரிசைத் தேடி நரியைக் கொண்டுபோய் விட வைக்க முடியாதா?

மறுநாள் விடியுமுன்னே போய்விட்டாள். கோகிலவாணியும் கூடவே வந்தாள். நன்றி சொன்னது ஒரு நாளோடு முடிந்தால் பேறுகாலம் நல்லபடியாக ஆக வேண்டாமா? ஓணான் தூணில் ஏறி உச்சியில் ஒட்டிக்கொண்டது. கட்டில்கள் நிரம்பின. எல்லாரும் கண்ணை மூடினார்கள். மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து பார்த்தபோது திரை விலகாமலே இருந்தது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் வருத்தம் தெரிவித்தது. நேற்றுப் பகலில் நரி தீனி எடுக்கவில்லை. சுவரோடு ஒட்டிப் படுத்தது. சாயங்காலம் பார்த்தபோது உயிர் இல்லை. பக்தர்கள் கலைய வேண்டாம், சற்று நேரத்தில் புலி காட்டப்படும்.

மண்டபம் முழுக்க 'உச்' கொட்டும் சத்தம் கேட்டது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செவ்வந்தி மூடிய திரையைப் பார்த்தபடி, நேற்றுப் படுத்திருந்த அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி அவள் தோளைத் தொட்டு, நிஜமான துக்கத்தோடு சொன்னாள்.

"நல்லாத்தானே கண்ணு இருந்துச்சு? பாவம், நேத்துக் காலையில யார் முகத்துல முழிச்சுதோ!"

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.